தேயிலையில் பிழையில்லை

2024 ஒக்டோபர் 19, சனி

கனடாவில் இருந்து ஜெமிமா அனுப்பின பெட்டி இன்று வந்து சேர்ந்தது. உள்ளே ஐந்து சின்னத் தகரப் பேணிகள். எல்லாம் தேயிலை. தேயிலை விளைகிற நாட்டுக்குக் கனடாவில் இருந்து தேயிலை அனுப்புகிறாள் என் பேத்தி. மூத்தவன் றெஜி பெற்ற பிள்ளைதானே, இப்படித்தான் இருக்கும்.

பின்னேரம் போனில் முகம் காட்டிக் கதைத்தாள். சனிக்கிழமைகளில் அவள் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே தேயிலையை ஊற்றிக் குடித்து, என்ன ருசி என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டுமாம். பால் கூடாது. சீனி கூடாது.

"பனங்கட்டியும் கடிக்கக் கூடாது அப்பம்மா. ப்ராமிஸ்?"

"உதென்ன, வருத்தக்காரருக்குக் குடுக்கிற தேத்தண்ணியோ?"

"அதே இலைக்குத் திரும்பத் திரும்பச் சுடுதண்ணி விட வேணும். மூண்டு தரம், நாலு தரம். ஒவ்வொரு தரமும் வேற ருசி வரும்."

இரண்டாம் சாயமா! இந்த வீட்டில் ஒருமுறை சாயம் இறக்கின தேயிலை றோசாக் கன்றுக்குத்தான் போகும். இரண்டாந்தரம் ஊற்றிக் கொடுப்பது வந்தவரை அவமதிப்பது என்று என்னைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். அவள் விடவில்லை. "நீங்க மணந்து பாத்தே எந்தத் தோட்டத்துத் தேயிலை எண்டு சொல்லுவீங்களாம். அப்பா சொன்னவர்" என்றாள்.

அது பொய்யில்லை. சண்டிலிப்பாய்ச் சந்தியில் என் மனுசன் நேசையாவின் தேத்தண்ணிக் கடை ஓடினது என் மூக்கால்தான். வருகிற தேயிலையை மணந்து பார்த்துக் கலந்தது நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் சாயத்தில் என்னை ஏமாற்ற ஆளில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 21

பக்கத்து வீட்டுக் கமலாவதிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்கிறாள், "இரண்டாம் சாயம் குடிக்கிற நிலைமைக்கு வந்திட்டியளோ மியூரியல் அக்கா? சொல்லியிருந்தா நான் ஒரு சரை தேயிலை தந்திருப்பனே." நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 26, சனி

பச்சைத் தேயிலை. இளையவன் சுஜீவனுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் அவன் பெண்சாதி நிஷானியும்தான். குசினி மேசையில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம்.

முதலாந்தரம் சுடுதண்ணீர். இரண்டாந்தரம் சுடுதண்ணீர். மூன்றாந்தரம் நாக்கில் கொஞ்சம் கயர்ப்பு.

"புல்லு வெட்டின மணம் வருதா அப்பம்மா?"

"வருது, வருது."

வழியில் எங்கேயோ கிடந்து கெட்டுப்போன தேயிலை. பிள்ளையின் மனம் நோகக்கூடாதே என்று அப்படிச் சொன்னேன்.

நவம்பர் 2, சனி

 எழுத்தெல்லாம் கோணல்.

இன்று மல்லிகைத் தேயிலை. நான் குசினியில் பேணி மூடியைத் திறக்க, விறாந்தையில் பள்ளிக்கூடக் கொப்பி திருத்திக்கொண்டிருந்த நிஷானி, "ஐயோ மாமி, கலியாண வீட்டுக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடக்கு!" என்றாள். நான் பேணிக்குள் மூக்கை வைத்தேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். காத்து. வெறும் காத்து.

ஜெமிமாவிடம் "நல்ல மல்லிகை" என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். பிறகு குசினிக்குள் தனியே நின்று ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். கராம்பு. கருவாடு. மண்ணெண்ணெய்ப் போத்தில். உரிச்ச வெங்காயம். வெங்காயத்துக்குக் கண்ணீர் வந்தது, மணம் வரேல்லை.

எப்ப போனது? எனக்கே தெரியாமல் எப்பிடிப் போனது?

இப்போது யோசிக்கிறேன். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் கொடுப்புக்குள் ஒரு துண்டு பனங்கட்டியை அடக்கிக்கொண்டுதான் குடிப்பேன். நாக்குக்கு இனிப்புத் தெரிந்தது, கயர்ப்புத் தெரிந்தது, சூடு தெரிந்தது. அதைத்தான் தேத்தண்ணி என்று இவ்வளவு நாளும் குடித்திருக்கிறேன். இந்தப் பிள்ளை பனங்கட்டியை எடுக்கச் சொன்னாள். எடுத்தவுடன் கீழே ஒன்றுமில்லை.

தேயிலையில் பிழையில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

சேர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. என் கூடப்பிறந்த அருளக்காவின் நினைவுதான்.

அக்காவுக்கு முதலில் போனதும் மூக்குத்தான். ஒருநாள் அவ வீட்டுக்குப் போனால் படலையிலேயே கருகின மணம். உள்ளே அடுப்பில் கறிச்சட்டி கரியாகிக் கிடக்கிறது. அக்கா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நாங்கள் பகிடி பண்ணிச் சிரித்தோம். அடுத்த நத்தாருக்கு என்னைப் பார்த்து, "நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டா. கடைசி வருசத்தில் மருமகள் நஞ்சு வைக்கிறாள் என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டா. என்னைவிட எவ்வளவோ படித்தவ. வேதாகமத்தில் சங்கீதப் புத்தகம் முழுக்க மனப்பாடம் அவவுக்கு.

எனக்கும் அதுவோ? ஆண்டவரே, அதுவோ?

ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.

நவம்பர் 5

வேதத்தில் வருகிற யாக்கோபின் பன்னிரண்டு ஆண்பிள்ளைகளின் பேரையும் சொல்லிப் பார்த்தேன். பதினொன்றுதான் வந்தது.

நவம்பர் 6

ஆசேர். முட்டை பொரிக்கும்போது அந்தப் பேர் வந்தது. ஆனால் நேற்று முழுக்க வரவில்லையே.

நவம்பர் 9, சனி

இன்றைக்குரியது கறுப்புப் பேணி. காலமையே கமலாவதியை வேலியடிக்குக் கூப்பிட்டேன்.

"இதை மணந்து பார். உனக்கு ஏதும் பிடிபடுதோ எண்டு பாப்பம்."

"உதென்ன, எனக்குச் சோதினையோ?" மூக்கைக் கொண்டுபோனவள் முகத்தைச் சுழித்தாள். "சீ! புகையிலைக் குடிலுக்குள்ளை புகை போட்ட மணமெல்லோ. உதையும் காசு குடுத்து வாங்கினவளே உங்கடை பேத்தி?"

பின்னேரம் ஜெமிமாவிடம் ஆற அமர, "புகையிலைக் குடில் மணம்" என்றேன். முதல் ஊற்றலில் கடுமை, இரண்டாவதில் பதம், மூன்றாவதில் மெல்லிசு என்று நானாகவே சேர்த்தும் சொன்னேன். அவள் கை தட்டினாள். "அப்பம்மா, உங்கட மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேணும்!"

நிஷானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 18

காஸ் அடுப்பைத் தொடப் பயமாக இருக்கிறது. கசிந்தால் எனக்குத் தெரியாது. நான் மட்டும் என்றால் பரவாயில்லை, உள்ளே இந்தப் பிள்ளை நிஷானி படுத்திருக்கிறாள். பின்பக்கத்து விறகடுப்பை மூட்டினேன். "இந்த மழைக்குள்ளை என்ன மாமி இது?" என்று நிஷானி கேட்டாள். தேத்தண்ணிக்கு விறகில் கொதித்த தண்ணிதான் ருசி என்றேன். ஈர விறகு. இருமி இருமிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 24, ஞாயிறு

சுஜீவன் வந்து நின்றான். மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். செவுள் சிவப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன், முன்னர் என்றால் கூடைக்கு ஐந்து முழம் தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, மீன் கொஞ்சம் பழசு போலை கிடக்கு" என்றான். நிஷானி உடனே, "நான்தான் கறிவேப்பிலை கூடப் போட்டிட்டன்" என்றாள். அவள் கறிச் சட்டிக்குக் கிட்டவே வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள்?

நவம்பர் 30, சனி

மழை. வீட்டு வளவுக்குள் வெள்ளம் நிற்கிறது. இன்ரநெற் இழுபட்டு இழுபட்டு வந்தது. இன்றைய இலை மிளகு மாதிரி உருண்டை உருண்டையாகச் சுருண்டு கிடந்தது, தண்ணீர் பட்டதும் முழு இலையாக விரிகிறது. அதைப் பார்க்க மட்டும் ஆசையாக இருந்தது. ஐந்து தரம் ஊற்ற வைத்தாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். குருட்டுவாக்கில், "மூண்டாவதுதான் வாசம் கூட" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான்!" என்று துள்ளினாள்.

போனை வைத்த பிறகும் அந்த இலைகளைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொய்யைப் பிடித்திருந்தாள் என்றால் நல்லதாக இருந்திருக்கும்.

டிசெம்பர் 12

அலுமாரியைப் பூட்டுகிற திறப்பைத் தேடு தேடென்று தேடினேன். இடுப்பில் செருகியிருந்தது. எல்லாருக்கும் நடக்கிறதுதானே? எல்லாருக்கும் நடக்கிறதோ?

டிசெம்பர் 15, ஞாயிறு

சேர்ச்சைப் பார்த்துக்கொள்கிற சிமியோன் இன்று வந்து, "அக்கா, நத்தார்த் தேத்தண்ணி வழமை போலை உங்கடை வாய் பாத்துத்தான்" என்றான். ஏலாது, சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்டுகள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டிசெம்பர் 25, நத்தார்

ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி. பெரிய கிடாரத்தில் சிமியோன்தான் போடுவான். நான் ஒரு வாய் குடித்துத் தலையாட்டினால்தான் கோப்பைகளில் வார்ப்பார்கள். கடை நடந்த காலத்தில் இருந்து அதுதான் வழக்கம். அதில் எனக்குப் பெருமை. இல்லையென்று எழுத மாட்டேன்.

குடித்தேன். இனிப்பு அளவு. சாயம் அளவு. தலையாட்டினேன்.

கோப்பைகள் போயின. முதலில் கதைச் சத்தம் குறைந்தது. பிறகு பார்க்கிறேன், ஒவ்வொருத்தராகப் பாதிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைக்கிறார்கள். ஒரு சின்னன் பலத்த குரலில், "அம்மா, கருகல் மணக்குது" என்றது. தாய் தொடையில் கிள்ளினாள். போதகர் மட்டும் முழுக்கக் குடித்தார், மருந்து குடிக்கிற மாதிரி.

பால் அடிப்பிடித்திருக்கிறது. கிடாரம் நிறைய. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சிமியோன் கிட்ட வந்து மெல்லச் சொன்னான். "அக்கா, எனக்கு முதலே மணந்தது. ஊத்திப்போட்டு வேறை பால் காய்ச்சுவம் எண்டுதான் நிண்டனான். நீங்கள் தலையாட்டினவுடனை, என்ரை மூக்கிலைதான் ஏதோ பிழையெண்டு விட்டிட்டன்."

அவன்ரை மூக்கிலையாம் பிழை. அவன்ரை மூக்கிலை.

ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. சிரிச்சுக் கை தந்திட்டுப் போகினம். அதுதான் எனக்குப் பயம். அருளக்காவிட்டையும் முதலிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.

டிசெம்பர் 26

காலமை நிஷானி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"மாமி, எவ்வளவு காலமா மணம் தெரியேல்லை?"

"ஆர் சொன்னது மணம் தெரியேல்லையெண்டு?"

"மல்லிகைப் பேணி திறந்த அண்டைக்கு நீங்கள் மண்ணெண்ணெய்ப் போத்திலை மணந்து பாத்ததைக் கண்டனான்."

"கண்டனீர் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா ரெண்டு கிழமைக்கு என்னோடை கதைக்க மாட்டியள்."

மெய்தான். கதைத்திருக்க மாட்டேன்.

"நானும் அருளக்கா மாதிரிப் போறன் எண்டு நினைக்கிறீரோ? சொல்லும்! சுஜீவனுக்குச் சொல்லியாச்சோ? என்னை எங்கை கொண்டுபோய் விடுறதெண்டு புருசனும் பெண்சாதியும் கதைச்சு முடிச்சாச்சோ?"

நான்தான் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"எனக்குத் தெரியாது மாமி. தெரியாதபடியால்தான் டொக்டரிட்டைப் போவம் எண்டிறன்."

அப்படியெல்லாம் இராது என்று அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் சம்மதித்தேன்.

2025 ஜனவரி 8

பக்கத்து ஊர் மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணம் போய் வந்தோம். மூக்கு டொக்டர் ஒரு சின்னப் பெட்டை. விளக்கை வைத்துப் பார்த்தா. காய்ச்சல் ஏதும் வந்ததோ என்று கேட்டா. செப்டெம்பரில் வந்தது, எழும்ப ஏலாமல் கிடந்தேன். பிறகு மறதி இருக்கிறதோ என்று பார்க்கக் கடதாசியில் மணிக்கூடு கீறச் சொன்னா. நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னா. கடைக் கணக்குப் பார்த்தவளிடமா! இரண்டில் வந்து நிற்கும் மட்டும் கழித்தேன். "காணும் அம்மா, காணும்" என்றா.

"காய்ச்சலோடை போனதாத்தான் இருக்க வேணும். திரும்பி வரலாம். வராமலும் விடலாம்."

"என்ரை அக்காவின்ரை வருத்தம்?"

"இண்டைக்கு அப்பிடி ஒண்டும் காணேல்லை. ஆனா ஒருநாளும் வராதெண்டு நான் எழுதித் தர ஏலாது அம்மா."

கராம்பு, தேசிக்காய்த் தோல், றோசாப்பூ, யூகலிப்ரஸ் எண்ணெய். காலையும் மாலையும் மணந்து பார்க்க வேண்டுமாம். மணம் வராவிட்டாலும் மணக்க வேண்டுமாம்.

வரும் வழியெல்லாம் நிஷானி என் கையைப் பிடித்திருந்தாள். எடுக்கவில்லை நான்.

ஜனவரி 11, சனி

ஜெமிமா போன் எடுத்தாள். நெற் இல்லை என்று நிஷானியைக் கொண்டு சொல்வித்தேன்.

ஜனவரி 18, சனி

சொல்லிவிட்டேன். முதலில் ஜெமிமாவுக்கு விளங்கவில்லை.

"அப்ப அந்தப் பச்சைத் தேயிலை?"

"சுடுதண்ணி."

"மல்லிகை?"

"சுடுதண்ணி."

"புகையிலைக் குடில் எண்டு சொன்னீங்களே!"

"அது கமலாவதியின்ரை மூக்கு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்பம்மா, கோவிக்கக் கூடாது. எனக்கும் அந்தப் புல்லு மணம் வரவே இல்லை. பேணியில எழுதியிருந்ததை வாசிச்சுச் சொன்னனான்" என்றாள்.

நல்ல சோடிதான் நாங்கள்.

ஆனால் அக்காவின் கதையை அவளுக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏன் அந்தப் பயம்?

ஜனவரி 29

கராம்பு இல்லை. தேசிக்காய் இல்லை. றோசாப்பூ ஒரு கணம் வந்தது போல இருந்தது. பார்த்தால் கண்தான் பூவைக் கண்டு மணத்தை நினைத்திருக்கிறது. கண்ணை மூடினால் இல்லை. மூளை இப்படிப் பொய் சொல்லத் தொடங்கினால் எதை நம்புவது?

பெப்ரவரி 19

விடிய நிஷானி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். வாயிலை வைச்சன். நாத்தம். சைக்கிள் ரயர் எரிச்ச நாத்தம். துப்பினன். கோப்பையைப் பாத்தன், எப்பவும் குடிக்கிற அதே தேத்தண்ணி. அவளைப் பாத்தன்.

இதை எழுதக் கை கூசுது. எழுதாமலும் இருக்க ஏலாது. இவள் ஏதோ கலந்திட்டாள் எண்டு நினைச்சன். ஒரு மூச்சு நேரம்தான். ஆனா நினைச்சன்.

கோப்பையைத் தள்ளிவிட்டன். தள்ளின கையைப் பாக்க அருளக்காவின்ரை கை. வந்திட்டுது. இதுதான் அது. எனக்கும் வந்திட்டுது.

"உதுக்குள்ளை என்ன போட்டனீர்?"

அவளுக்கு அக்காவின் கதை தெரியும். முகம் வெளிறிப்போனது. சிந்தினது போக மிஞ்சின தேத்தண்ணியை எடுத்தாள். என் எச்சில் கோப்பை. எனக்கு முன்னால் நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"தேத்தண்ணி மாமி. வெறும் தேத்தண்ணி." பிறகு, "உங்களுக்கு என்ன மாதிரிக் கிடக்கு? சொல்லுங்கோ."

"ரயர் எரியிற மாதிரி."

கராம்பைக் கொண்டுவந்து மூக்கில் பிடித்தாள். ரயர். தேசிக்காய்த் தோல். அதுவும் ரயர். சவர்க்காரக் கட்டியும் ரயர்தான். நான் அழத் தொடங்கிவிட்டேன். அவள் சவர்க்காரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"மாமி," என்றாள், "மணக்குதெல்லோ!"

பெப்ரவரி 20

டொக்டருடன் போனில் கதைத்தோம். மூக்கு நரம்பு திரும்ப வளரும்போது சிலருக்கு மணம் இப்படி மாறித்தான் வருமாம். உங்கள் அக்காவுக்கு இப்படி ஏதும் வந்ததோ என்று கேட்டா. இல்லை. அக்காவுக்குப் போன மணம் போனதுதான். "எனக்கு இது காய்ச்சலின்ரை வேலை எண்டுதான் படுகுது அம்மா. நல்ல குறி. பொறுத்திருங்கோ" என்றா.

நிஷானியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு தரம் குசினி வாசல் மட்டும் போய்த் திரும்பினேன். மூன்றாந்தரம், "நாளைக்கும் விடியத் தேத்தண்ணி நீரே போட்டுத் தாரும்" என்றேன்.

"ஓம் மாமி" என்றாள். விளங்கியிருக்கும்.

மார்ச் 4

சோறு ரயர். பவுடர் ரயர். சேர்ச்சில் பக்கத்தில் இருந்த மனுசியின் செண்டும் ரயர். மெலிந்துபோனேன். பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் நாறுகிறபோது நெஞ்சு அடிக்கிறதில்லை. நாறாத நேரம்தான் அடிக்கிறது.

மார்ச் 15, சனி

கடைசிப் பேணி. வெள்ளைத் தேயிலையாம், இலையில் பூனைமயிர் மாதிரி இருக்கிறது. ஜெமிமா அங்கே, நானும் நிஷானியும் இங்கே. கமலாவதியும் கூப்பிடாமலே கதிரையோடு வந்துவிட்டாள்.

முதலாந்தரம் ரயர். இரண்டாந்தரம் ரயர். "உங்களுக்கு ஊத்திறதும் ஒண்டுதான், றோசாக் கண்டுக்கு ஊத்திறதும் ஒண்டுதான்" என்றாள் கமலாவதி. மூன்றாந்தரம் வாய்க்குள் கனநேரம் வைத்திருந்தேன்.

"என்ன அப்பம்மா? உண்மையைச் சொல்லுங்கோ."

"ரயர்தான். ஆனா எங்கடை வளவுக்குள்ளை இல்லை. தள்ளிப் போய் எரியுது."

"எவ்வளவு தள்ளி?"

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். அவசரப்பட்டுச் சொல்லுகிற விசயமில்லை.

"மானிப்பாய்ச் சந்தியடியிலை" என்றேன்.

ஜெமிமா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நிஷானி எழும்பிப் போய், அந்த இலைக்கே இன்னொரு தரம் ஊற்றத் தண்ணீர் வைத்தாள்.